பொருட்படுத்தத் தக்க

டூலூத் நகரில் ஜனவரி.
ஏரி இறுகிவிட்டது. இரும்புத்தாதுக் கப்பல்கள் துறையோடு துறையாய்க் கிடக்கின்றன.
மருத்துவமனையின் கீழ்த்தளம், சன்னல் இல்லாத அறை:
எட்டுப் பேர், ஒரு தட்டு டோனட்,
இரண்டு மருந்துகள்.

மருந்துப் பட்டியல் குழு. நான் மருந்தாளுநர்,
தாள்களை அச்சிட்டு நாற்காலிக்கு ஒன்றாக வைத்தவள்.
எனக்கும் வாக்கு உண்டு,
கடைசியில்தான் கேட்பார்கள்.

மூச்சுக்குழாயை விரிப்பவை இரண்டும்.
பழையதற்குள் இரண்டு உருவங்கள்:
அணுவுக்கு அணு ஒன்றே,
ஆனாலும் வலக்கையும் இடக்கையும் போல
ஒன்றன்மேல் ஒன்று படியாதவை.
வேலை செய்கிற கையை மட்டும் பிரித்தெடுத்து
அடைத்திருக்கிறார்கள் புதியதில்.
விலை ஆறு மடங்கு.

டாக்டர் எங்கெப்ரெட்சன் சொன்னார்:
"அந்த இன்னொரு கை சும்மா இருப்பதில்லை.
இதயத்தைப் போய்த் தட்டும். நான் பார்த்திருக்கிறேன்."
"எத்தனை பேரிடம்?"
மார்லிஸ் கேட்டாள். இரவெல்லாம் மூச்சுச் சிகிச்சை கொடுத்துவிட்டு
தூங்காமல் நேரே வந்திருந்தாள்,
பாதி டோனட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.
அவர் எண் எதுவும் சொல்லவில்லை.
பார்த்தது பார்த்ததுதான்.

என் தாளில் பதினோரு ஆய்வுகள்.
நாடி இங்கே நான்கு குறைவு, அங்கே இரண்டு கூடுதல்.
ஒன்றுக்கு மட்டும் நிறுவனமே காசு கொடுத்திருந்தது,
அதில் கோடுகள் அழகாகப் பிரிந்து போயின.
எல்லாவற்றுக்கும் அடியில் எழுதியிருந்தேன்:
பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை.

எழுதும்போது கேட்கவில்லை,
உரக்க வாசித்தபோது கேட்டது
அந்தச் சொல்லுக்குள் சில்லறை குலுங்குவது.
பொருள் ஒன்றே.
பொருளிலும் மாற்றமில்லை.
பொருள் மட்டும் ஆறு மடங்கு.

நிதிப் பிரிவின் கோர்டன் ட்வெட் கணக்குப் போட்டார்:
மிச்சமாகும் தொகையில்
இரவுக்கு இன்னொரு மார்லிஸை வைக்கலாமாம்.
"வைப்பீர்களா?" என்றாள் மார்லிஸ்.
கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வி இல்லை.
குறிப்பெழுதியது நான்.

ஆறுக்கு இரண்டு. பழையதே போதும்.
விலக்கு வேண்டுமென்றால் ஒரு படிவம்,
காரணம் எழுத மூன்று வரிகள்.

மூன்றாம் நாள் நான்காம் மாடிக்கு அழைத்தார்கள்.
ரூபென் யார்வி,
தாதுத் துறையில் முப்பத்தொரு ஆண்டு.
முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சொன்னார்:
"இது அது இல்லை."
இரண்டு குப்பியும் ஒரே அளவு, ஒரே தெளிவு.
"எப்படித் தெரியும்?"
"மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கிற மாதிரி
நெஞ்சுக்குள்."

மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினேன்.
நூற்றுநான்கு.
போன வாரப் பதிவைப் புரட்டினேன்,
விலை கூடியதில் நூற்றுமூன்று.
அந்த ஒன்றை அவரிடம் சொல்லத்தான் போனது வாய்.
அவர் ஏரிப் பக்கம் திரும்பி
ஒவ்வொரு மூச்சையும் காசு எண்ணுவதுபோல்
வெளியே வைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் படிவம் வந்தது,
எங்கெப்ரெட்சனின் சாய்ந்த கையெழுத்து.
காரணத்துக்கு மூன்று வரிகள், எழுதியது ஒன்றுதான்:
நோயாளி சொல்கிறார்.
நான் பார்த்திருக்கிறேன் என்று எழுதவில்லை அவர்.
அதற்காகவே கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
ஐந்து நாளைக்கு அனுமதி என்று எழுதினேன்.
ஏன் ஐந்து என்று யாராவது கேட்டால்
என்னிடம் தாள் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில்
பைக்குள் ஓர் உறைதான் இருந்தது, இடக்கையுடையது.
உறைந்துபோனது வலக்கை.
உள்புறம் வெளியே வரப் புரட்டினேன்:
கம்பளி மேலே, தோல் உள்ளே.
விரல்கள் ஐந்தும் போயின.
ஏறக்குறையச் சரி.
கட்டைவிரல் அடியில் மட்டும் தையல் உறுத்துகிறது,
பனி கம்பளியில் ஒட்டி ஒட்டிக் கனக்கிறது.
எண்ணிப் பார்த்தால்
ஒன்றுமில்லைதான்.